புகையா, பனியா? பினாங்கில் அளவை படித்த நாட்கள்

வெள்ளி இரவு, ஜார்ஜ்டவுன்

மத்தியானம் கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினேன். பட்டர்வொர்த்தில் இறங்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. பெர்ரி பிடித்துத் தீவுக்கு வந்து, சூலியா தெருப் பக்கம் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு, அறைக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த முறை ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. ஆயர் ஈத்தாமில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். விடுமுறை நாட்களில் சிலரை வீட்டில் சேர்த்துக்கொண்டு சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் படிக்கிறார். இப்போது அளவைப் பகுதி நடக்கிறது. ஒன்றை எப்படி அறிகிறோம், அறிந்தது சரிதானா என்று எதைக்கொண்டு முடிவு செய்கிறோம் என்பதுதான் அளவையின் விஷயம். கிள்ளானிலிருந்து நானும் வரலாமா என்று போனில் கேட்டேன். “தாராளமா வாங்கம்மா. புத்தகம் மட்டும் உங்களோடதா இருக்கட்டும், ஓரத்துல எழுதி எழுதித்தான் படிக்கணும்” என்றார்.

பல நாளாக ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. நம் முன்னோர் எல்லாவற்றையும் ஞானத்தால் கண்டு சொன்னார்கள், அதில் கேள்வி கேட்க நமக்கு என்ன தகுதி என்பது ஒன்று. நம்மிடம் பக்தியும் நம்பிக்கையும்தான் இருந்தன, தர்க்கம் வெளியிலிருந்து வந்த சரக்கு என்பது இன்னொன்று. கோவில் சொற்பொழிவுகளில் முதலாவதைக் கேட்கிறேன், படித்தவர்கள் கூடும் இடங்களில் இரண்டாவதை. இரண்டையும் சொல்கிறவர்கள் பழைய நூல்களைப் புரட்டிப் பார்த்திருப்பார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. நானாவது புரட்டிப் பார்க்க வேண்டும்.

சனி, ஆயர் ஈத்தாம்

காலையில் பசியாறிவிட்டுப் பஸ் பிடித்தேன். ஐயா வீடு மாடிக் குடியிருப்பு. கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். சென்னையில் தத்துவம் படித்த ஓர் அக்கா, பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பி, பிறை ஊரிலிருந்து வந்த ஒரு பாட்டி, ஐயாவின் பேரன். பேரன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்குப் பாடத்தைவிட முறுக்குத் தட்டில்தான் கண்.

நூலாசிரியர் அருணந்தி சிவாசாரியார் அளவையை ஒரு கணக்கோடு தொடங்குகிறார். காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என்று அளவைகள் ஆறு என்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என்று நான்கைச் சேர்த்துப் பத்து என்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும் என்று ஒரே பாட்டில் முடித்துவிடுகிறார். கண்ணால் காண்பது, கண்டதை வைத்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. இது 13-ஆம் நூற்றாண்டு நூல்.

அவருக்கு முன்பே மணிமேகலை இந்தப் பட்டியலை வைத்திருக்கிறது. வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் அவள் கேட்கிறாளே, அந்தக் காதையில். வேதவியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார் என்று வரிசையாக வருகிறது. ஐதிகத்துக்கு அங்கே சொல்லும் உதாரணத்தை ஐயா வாசித்ததும் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதை நம்புவதுதான் ஐதிகம். “எங்க எஸ்டேட்ல ரெண்டாம் நம்பர் லயத்துக்குப் பின்னால அப்படி ஒரு மரம் இருந்துச்சுங்க. யார் பார்த்தான்னு கேட்டா யாரும் பார்க்கல” என்றார். அந்தக் காலத்தில் இதையும் ஓர் அளவையாக எடுத்துப் பேசினார்கள், பேசிப் பார்த்துத்தான் தனி இடம் வேண்டாம் என்றார்கள். ஊர் வாக்கு என்பதற்காக அப்படியே ஏற்கவும் இல்லை, பாமரர் பேச்சு என்று ஒதுக்கவும் இல்லை.

உள்ளுணர்வுக்கு எங்கே இடம் என்று தம்பி கேட்டார். அவர் வேலையில் அது அடிக்கடி வருமாம். இயந்திரத்தின் சத்தம் மாறும்போதே ஏதோ கெடப்போகிறது என்று தெரிந்துவிடும், ஏன் என்று சொல்லத் தெரியாது. சித்தியார் காட்சியை, அதாவது காண்டலை, நான்காகப் பிரிக்கிறது. கண், காது முதலிய வாயில்கள் வழியே வருவது. மனத்தால் வருவது. இன்ப துன்பத்தைத் தனக்குள்ளேயே உணரும் தன்வேதனை. அப்புறம் யோகக் காட்சி. ஞானிகள் தூரத்தையும் காலத்தையும் கடந்து காண்பதாகச் சொல்வதெல்லாம் இந்த நான்காவதில் வரும். “பாத்தீங்களா, ஞானிகள் கண்டதே போதும்னு நூலே சொல்லுது” என்றார் தம்பி.

அக்கா விடவில்லை. “தம்பி, அதே யோகக் காட்சியை மறுத்தது யாருன்னு தெரியுமா? வேதத்தைத் தலைமேல் வெச்சிக்கிட்ட மீமாம்சகர்தான்.” அவர்களில் ஒருவரான குமாரிலர் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறாராம். சாதாரண மனிதனுக்குத் திடீரென்று தோன்றும் எண்ணம், புலன்களின் துணை இல்லாதபோது, உறுதியான அறிவாகாது. யோகியின் எண்ணமும் அப்படித்தான். எனக்கு இது புதிது. வேதமே பெரிது என்றவர், ஞானியின் தனிக்காட்சியைச் சான்றாக ஏற்க மறுக்கிறார். முன்னோர் எல்லாரும் கேள்வி கேட்காமல் ஏற்றார்கள் என்று இனி யாராவது சொன்னால் என்னிடம் பதில் இருக்கிறது.

எதிர்த்தரப்பையும் அக்காவே சொன்னார். வைசேடிகம் என்ற தத்துவப் பள்ளியின் நூலில் பிரசஸ்தபாதர் ஓர் உதாரணம் தருகிறார். ஒரு பெண் சொல்கிறாள்: ‘நாளைக்கு என் அண்ணன் வருவான், என் நெஞ்சு சொல்கிறது.’ முனிவர்களுக்கு வாய்க்கும் அறிவு சில நேரம் சாதாரண மனிதர்களுக்கும் வாய்க்கும் என்பதற்கு இது உதாரணம். சில நூற்றாண்டுகள் கழித்து, 9-ஆம் நூற்றாண்டில், காஷ்மீரத்தில் நியாயம் என்ற தர்க்கப் பள்ளியைச் சேர்ந்த ஜயந்த பட்டர் இந்தப் பெண்ணுக்காக வாதாடுகிறார். அவள் சொன்னது அறிவுதான் என்கிறார். ஆனால் நான்கு கேள்வி போடுகிறார். எந்தப் பொருளும் இல்லாமல் எழுந்ததா? ஐயத்தோடு எழுந்ததா? பின்னால் வந்த அறிவு அதைப் பொய்யாக்கியதா? கெட்டுப்போன காரணத்திலிருந்து பிறந்ததா? நான்குக்கும் இல்லை என்று பதில் வந்தால் அதுவும் பிரமாணமே, அதாவது அளவையே.

நான் புத்தக ஓரத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளுணர்வை ஏற்கிறவரே அதற்குப் பரீட்சை வைக்கிறார். அண்ணன் வந்தானா என்று மறுநாள் வாசலில் போய்ப் பார்க்கச் சொல்கிறார். நெஞ்சு சொன்னதே போதும் என்று அவர் விடவில்லை.

பாட்டிக்கு அந்தப் பெண் சொன்னது பிடித்துப்போயிற்று. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்று நாமும் சொல்கிறோமே என்றார். அது குறுந்தொகையிலேயே இருக்கிறது. விருந்து வரக் கரைந்த காக்கைக்கு எவ்வளவு பலி கொடுத்தாலும் சிறிதுதான் என்று சொல்லும் பாட்டு, பாடியவருக்கே காக்கைபாடினியார் என்று பெயர். தன் மகன் சிங்கப்பூரிலிருந்து சொல்லாமல் கிளம்பி வந்த அன்று காலையிலேயே மனசு சொல்லிவிட்டது என்றும் பாட்டி சொன்னார். அக்கா மரியாதையோடுதான் கேட்டார்: “மனசு சொல்லி, அவர் வராத நாளும் இருந்திருக்கும்தானேம்மா?” பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “இருந்திருக்கும். அதை யாரு நெனப்புல வெச்சிருக்கா” என்றார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அன்றைய பாடத்திலேயே அதுதான் நல்ல பதில் என்று எனக்குப் பட்டது. பலித்தவை நினைவில் நிற்கும், பலிக்காதவை கரைந்துவிடும். நான்கு கேள்விகளையும் நேர்மையாகப் போட வேண்டுமென்றால் மனசு சொன்ன அன்றே தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். கூடத்துச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டி ஐயா அதைத்தான் சொன்னார். கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினால் போதும், தனி நோட்டுப் புத்தகம்கூடத் தேவையில்லை.

சாயங்காலம் லிட்டில் இந்தியா வழியாக நடந்தேன். லெபோ குவீனில் மாரியம்மன் கோவில் நடை திறந்திருந்தது. 1833-இல் கட்டியது, இந்தத் தீவில் மிகப் பழைய இந்துக் கோவில் இதுதான். பக்கத்துத் தெருவில் திரும்பும்போது மல்லிகை மணம் வந்தது, பூக்கடை கண்ணில் படவில்லை. சித்தியாரில் இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. மணத்தால் பூவை அறிவதுதான் பூர்வக் காட்சி அனுமானம்; அனுமானம் என்பது கருதல்தான். முன்பு பூவையும் மணத்தையும் சேர்த்து அறிந்தவர்களுக்கே அது வரும். கடை மூலை திரும்பியதும் இருந்தது. இரண்டு முழம் வாங்கி அக்காவுக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

ஞாயிறு, கொடிமலை

மழை வரும் போல இருந்தும் கிளம்பிவிட்டோம். 1923-இலிருந்து ஓடும் மலை ரயில், இப்போது புதிய பெட்டிகள். சில நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. உச்சி 833 மீட்டர்.

ஐயா இந்த இடத்தைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்திருக்கிறார். மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குப் பௌத்த தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறார். அங்கே அளவை இரண்டே இரண்டுதான்: காண்பதும், கருதுவதும். கருதுவதைப் பிறருக்குச் சொல்லும்போது எப்படி அடுக்க வேண்டும் என்பதற்கு வரும் உதாரணம் மலையும் புகையும். இம்மலை நெருப்புடைத்து. இது பக்கம், நிறுவ வேண்டிய கூற்று. புகையுடைத்து ஆதலால். இது ஏது, காரணம். அடுக்களை போல. இது திட்டாந்தம், உதாரணம். நியாய நூல்களிலும் இதே மலை, இதே புகை, இதே அடுக்களை. பக்கத்து மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டே இந்த வரிகளைப் படிப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அப்போதுதான் பேரன் கீழே காட்டைக் காட்டி, “தாத்தா, அங்க வெள்ளையா கிளம்புதே, தீயா?” என்று கேட்டான். நாங்கள் பதில் சொல்வதற்குள் அவனே, “இல்ல, பனி” என்றான்.

“எப்படிடா தெரிஞ்சது?”

“தெரியும்.”

“தெரியும்னா எப்படி?”

பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாகப் பார்த்தான். அந்த வெள்ளை மரங்களுக்கு மேலே ஏறவில்லை. கிளைகளுக்கு நடுவில் படுத்தபடி பள்ளம் இருக்கும் பக்கமாக நகர்ந்து, பாறை வந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. “புகைன்னா மேல போவும் தாத்தா. இது கீழ போவுது. அப்புறம், நாத்தமும் இல்ல” என்றான்.

ஐயா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அவன் முதலில் சொன்ன ‘தெரியும்’ என்பதுதான் தன்பொருட்டு அனுமானம் என்றார். நமக்குள்ளே நொடியில் முடிந்துவிடும், வார்த்தையே வேண்டியதில்லை. இரண்டாவது சொன்னது பிறர்பொருட்டு அனுமானம். அடுத்தவர் கேட்டுவிட்டார், இனி ஏதுவை எடுத்து வெளியே வைத்தாக வேண்டும். உள்ளே ஓடுவதற்கும் வெளியே சொல்வதற்கும் நடுவில் இருக்கும் இந்த வேறுபாட்டைத் திக்நாகர் போன்ற பௌத்த ஆசிரியர்கள் விரிவாகப் பேசினார்கள், சைவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரையொருவர் கடுமையாக மறுத்துக்கொண்ட சமயங்கள்தான். சித்தியாரின் பரபக்கம் என்ற பகுதி முழுக்க 14 மதங்களை எடுத்துச் சொல்லி மறுப்பதுதானே. மறுப்பதற்கான கருவியை மட்டும் எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு இங்கே ஒன்று விளங்கியது. உள்ளுணர்வு, தர்க்கம் என்று இரண்டு எதிரிகளை நாம்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம். இந்த நூல்களில் அவை இரண்டு கட்சி அல்ல. தனக்குத் தெரிவது முதலில். பிறர் கேட்டால் காரணம் சொல்வது அடுத்து. கேட்ட பிறகும் ‘எனக்குத் தெரியும்’ என்றே நிற்பவரைத்தான் எந்தக் கட்சியும் ஏற்கவில்லை.

பனி பற்றியும் அதே காதையில் இருக்கிறது. போலி ஏதுக்களைச் சொல்லும் இடத்தில், ஆவியா பனியா என்று ஐயப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அதைப் புகை என்று வைத்து நெருப்பு உண்டென்று துணிவது குற்றம் என்று வருகிறது. பையனுக்கு அந்த அடிகளை ஐயா இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சீக்கிரமே இறங்கிவிட்டோம்.

திங்கள், பிறை

பாட்டி தனக்குத் தெரிந்த சித்த வைத்தியரிடம் அழைத்துப் போனார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா, அப்பாவிடம் தொழில் கற்றவர். பெண்ணுக்கு இடக்கை என்று சொல்லி என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். பெருவிரல் பக்கமாக மூன்று விரல் வைத்தார்: ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். ஒவ்வொரு விரலாக அழுத்தியும் தளர்த்தியும் பார்த்தார். கண்ணை மூடவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாதம் ஒரு மாத்திரை அளவு, பித்தம் அரை, கபம் கால் என்று ஓடினால் குறையில்லை என்பது கணக்கு. வாதம் அன்னம், கோழி, மயில் போல நடக்கும், பித்தம் ஆமை, அட்டை போல, கபம் தவளை, பாம்பு போல என்று பாட்டையும் சொன்னார். விரலுக்கு அடியில் தவளை தத்துவது தெரிய எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். அப்பா மூன்று வருடம் வெறுமனே கையைப் பிடிக்க மட்டும் விட்டாராம். வாயைத் திறந்து நோயைச் சொல்ல அனுமதி இல்லை.

நான் எதிர்பார்த்து வந்தது அந்த ஒரு பிடியைத்தான். ஆனால் அவர் அதோடு விடவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், தூக்கம், பசி, மலம் எல்லாம் கேட்டார். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு. மூத்திரத்தில் நல்லெண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. பாம்பு போல நீண்டால் வாதம், மோதிரம் போல வளைந்தால் பித்தம், முத்துப் போல நின்றால் கபம் என்று தேரையர் என்ற சித்தரின் பாட்டு. “கை ஒண்ணு சொல்லும், நாக்கு வேற சொல்லும். அப்ப ரெண்டையும் நம்பக்கூடாது, மறுபடி கேக்கணும்” என்றார். விரலுக்கு வந்த உணர்வை மற்ற ஏழும் சேர்ந்து விசாரிக்கின்றன. நோய்நாடி நோய்முதல் நாடி என்று குறள் சொல்லும் வரிசை அந்தச் சின்ன அறையில் நடந்தது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கையை இரண்டு வைத்தியர் தனித்தனியே பிடித்துப் பார்த்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் ஒப்பிட வேண்டும். அந்தப் பரீட்சை ஊர் ஊராக நடக்க வேண்டும். பிறர்பொருட்டுச் சொல்ல முடியாத வரைக்கும் அது வைத்தியரின் தன்பொருட்டு அறிவாகத்தான் நிற்கும். மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணைநிலை மருத்துவச் சட்டம் இந்திய மருத்துவத்தையும் அங்கீகரித்திருக்கிறது. அந்த அங்கீகாரத்துக்குத் தகுதியாக நாம் செய்ய வேண்டிய வேலை இது. வைத்தியர் அம்மாவிடமும் சொன்னேன். தான் தயார் என்றும், தன் அப்பாவும் ஒத்துக்கொண்டிருப்பார் என்றும் சொன்னார்.

செவ்வாய், புக்கிட் மெர்தாஜாம்

திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்ததால் அக்கா புனித அன்னாள் தேவாலய வளாகத்துக்குக் கூட்டிப் போனார். ஜூலைத் திருவிழாவுக்கு நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வரும் இடம். வளாகத்துக்குள்ளேயே செரோக் தோக் குன் கல்வெட்டுப் பாறை இருக்கிறது. எழுத்துகள் நன்றாகத் தேய்ந்துவிட்டன. ஒளி சாய்வாக விழும் இடத்தில் மட்டும் கீறல் தெரிகிறது.

இந்தப் பக்கத்தில்தான், இன்றைய செபராங் பிறையில், 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற கம்பெனி அதிகாரி புத்தகுப்தன் கல்லைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் கப்பல் தலைவன், கல் 5-ஆம் நூற்றாண்டு, இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூபியின் படம், பக்கத்தில் பல்லவ எழுத்தை ஒத்த எழுத்தில் வடமொழி. பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்ற வேண்டுதல் அதில் இருக்கிறது. அதோடு ஒரு செய்யுளும் இருக்கிறது: அறியாமையால் வினை சேர்கிறது, பிறப்புக்கு வினை காரணம், அறிவால் வினை செய்யப்படுவதில்லை, வினை இல்லாவிட்டால் பிறப்பில்லை. கடலில் உயிரைப் பணயம் வைத்துப் போகிற ஒருவன், சாமியிடம் வேண்டுகிற அதே கல்லில் ஒரு காரண வரிசையையும் வெட்டி வைத்திருக்கிறான். அக்கா போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி விட்டுவிட்டு வந்திருக்கிறேன். யோகக் காட்சியைக் காட்சியின் வகையாக வைத்த சித்தியார், குமாரிலரின் மறுப்புக்கு என்ன பதில் வைத்திருக்கிறது? ஜயந்தரின் நான்கு கேள்விகளை யோகிக்கும் போடலாம் என்பது அக்காவின் கட்சி. யோகி கண்டது மோட்சத்தைப் பற்றியதென்றால் எந்த வாசலில் போய்ச் சரிபார்ப்பது என்பது என் கட்சி. உரைகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார் ஐயா. தீபாவளி விடுமுறையில் கிள்ளானில் என் வீட்டில் கூடுகிறோம், சமணத் தர்க்க நூலான நீலகேசியைத் தொடங்கலாம் என்று பேச்சு. தம்பி காரில் பாட்டியையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாட்காட்டித் தாள்களைக் கட்டாயம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.